சித்தி மகளின் குழந்தையைத் தத்தெடுத்து அமெரிக்கா அழைத்துப்போக முடியுமா?

கேள்வி: நாங்கள் நியூஜெர்சியில் இருக்கிறோம். கணவருக்கு வயது 41, அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். எனக்கு 38, இந்திய பாஸ்போர்ட், கிரீன் கார்டு. எட்டு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். இன்னொரு குழந்தை இனி தரிக்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். திண்டுக்கல் பக்கத்தில் என் சித்தி மகளுக்கு மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்து நான்கு மாதம் ஆகிறது. எங்களுக்கே கொடுத்துவிடுவதாகத் தங்கையும் மாப்பிள்ளையும் சொல்கிறார்கள். பொங்கலுக்கு மூன்று வார லீவில் வந்து, குலதெய்வக் கோயிலில் வைத்துத் தத்து வாங்கி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்து, குழந்தையைக் கையோடு அழைத்துப்போக எண்ணம். பத்திர எழுத்தர் ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்கிறார். தங்கை குடும்பத்துக்கு மூன்று லட்சம் கொடுத்து உதவவும் நினைக்கிறோம். டிக்கெட் போடலாமா?

பதில்: ஊருக்கு வர டிக்கெட் போடுங்கள். குழந்தைக்குப் போடாதீர்கள். பத்திர எழுத்தருக்கு முன்பணம் கொடுத்திருந்தால் அதையும் திருப்பிக் கேளுங்கள்.

நீங்கள் நினைத்திருக்கும் வழி, 1956-ம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின்படியான தத்து. அதன் 11-வது பிரிவைப் பத்திர எழுத்தர் படித்திருக்க மாட்டார். பெண் குழந்தையைத் தத்தெடுக்க வேண்டுமென்றால், எடுப்பவருக்கு ஏற்கெனவே மகளோ, மகன் வழிப் பேத்தியோ உயிரோடு இருக்கக் கூடாது. ஆண் குழந்தைக்கும் இதே போன்ற தடை உண்டு. உங்கள் வீட்டில் எட்டு வயது மகள் இருக்கிறாள். ஆகவே இந்தத் தத்து தொடக்கத்திலிருந்தே செல்லாது. ஹோமம் வளர்த்தாலும் செல்லாது, பதிவு செய்தாலும் செல்லாது. பதிவு செய்த பத்திரம் இருந்தால், தத்து முறைப்படி நடந்திருக்கும் என்று சட்டம் முதலில் அனுமானித்துக்கொள்ளும், அவ்வளவுதான். சட்டப்படி நடக்காத தத்தைப் பதிவுத்துறையின் முத்திரை நடந்ததாக ஆக்கிவிடாது. முதல் குழந்தைக்கு இப்படித் தத்தெடுத்த அக்கம்பக்கத்துக் கதைகளை நம்பி இரண்டாவது குழந்தைக்கு இறங்குபவர்கள் இடறி விழுவது இங்கேதான்.

சரி, குழந்தை ஆணாக இருந்திருந்தால்? இந்த ஒரு தடை விலகியிருக்கும். அமெரிக்கா பக்கத்துத் தடை அப்படியே நிற்கும். நாடு விட்டு நாடு தத்தெடுப்பதை முறைப்படுத்தும் 1993-ம் ஆண்டின் ஹேக் தத்தெடுப்பு உடன்படிக்கையில் இந்தியா, அமெரிக்கா இரண்டும் இருக்கின்றன. அதன்படி அமெரிக்கக் குடியேற்றத் துறைக்கு வரிசைதான் முக்கியம். முதலில் உங்கள் கணவர் ஐ-800ஏ மனு போட்டு, தத்தெடுக்கத் தகுதியானவர் என்ற ஒப்புதலை வாங்க வேண்டும். பிறகு குறிப்பிட்ட குழந்தைக்காக ஐ-800 மனு போட்டு, அதற்குத் தற்காலிக ஒப்புதல் பெற வேண்டும். தத்து உத்தரவு அதற்குப் பின்னர்தான். பத்திரத்தை முதலில் முடித்துவிட்டு விசாவுக்குப் போய் நின்றால், அந்தத் தத்தையே ரத்து செய்துவிட்டு முதலிலிருந்து வரச் சொல்வார்கள். இடையில் குழந்தை யாரிடம் இருக்கும்? உங்கள் மாமியார் மடியிலா, தங்கை வீட்டிலா? இந்த நிலையில் ஆண்டுக்கணக்கில் மாட்டிக்கொண்ட குடும்பங்கள் உண்டு. சுற்றுலா விசாவில் கூட்டிப்போய் அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். விசா அதிகாரியிடம் பொய் சொன்ன கணக்கு உங்கள் இருவர் பெயரிலும் ஏறும்.

ஒரு விஷயத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம். ஐ-800ஏ மனுவை அமெரிக்கக் குடிமக்கள் மட்டுமே போடலாம். கணவரும் கிரீன் கார்டில் இருந்திருந்தால் இந்தக் கதவே திறக்காது.

அடுத்து நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும்: “சொந்தக்காரக் குழந்தைதானே, உறவினர் தத்து என்று ஒன்று இருக்கிறதாமே?” இருக்கிறது. 2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 60-வது பிரிவு. வெளிநாட்டில் இருக்கும் உறவினர், இந்தியாவில் உள்ள குழந்தையைத் தத்தெடுக்க அது வழி செய்கிறது. மகள் இருப்பவர் இன்னொரு மகளை எடுக்கக் கூடாது என்ற தடையும் அந்தச் சட்டத்தில் இல்லை. ஆனால் உறவினர் யார் என்பதை அதே சட்டம் வரையறுத்துவிட்டது: குழந்தையின் அப்பாவோடு, அம்மாவோடு உடன்பிறந்தவர்கள், இரு வழித் தாத்தா பாட்டிகள். அத்தோடு பட்டியல் முடிந்தது. நம் முறைப்படி சித்தி மகள் உங்களுக்குத் தங்கை, அவள் குழந்தைக்கு நீங்கள் பெரியம்மா. அதில் யாருக்கும் சந்தேகம் வராது. சட்டத்தின் கண்ணுக்கு நீங்கள் குழந்தையின் தாய்க்கு ஒன்றுவிட்ட சகோதரி. பட்டியலில் இல்லை. உடன்பிறந்த தங்கையாக இருந்திருந்தால் என் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும்.

பெற்றோரே குழந்தையை அரசிடம் ஒப்படைத்துவிட்டால் நாம் எடுத்துக்கொள்ளலாமே என்றும் சிலர் யோசனை சொல்வார்கள். வளர்க்கவே முடியாத நிலையில் இருக்கும் பெற்றோர் மாவட்டக் குழந்தைகள் நலக் குழு முன்பு ஒப்படைக்கலாம். மனம் மாற 60 நாள் அவகாசம் உண்டு. அதன்பின் குழந்தை பொதுப் பட்டியலுக்குப் போகும். வரிசையில் முன்னால் நிற்கும் யாருக்கோ கிடைக்கும். உங்களுக்கென்று ஒதுக்கித் தர மாட்டார்கள். இந்தக் கணக்கில் தங்கையைக் குழு முன்பு நிறுத்தினால், அவள் குழந்தையை இழப்பாள்; உங்களுக்கும் கிடைக்காது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மூன்று லட்சத்துக்கு வருவோம். உங்கள் மனதில் அது உதவி. ஆனால் குழந்தை கைமாறும் பேச்சு நடக்கும் நேரத்தில் வங்கியில் ஏறும் பணத்துக்கு வேறு அர்த்தம் வந்துவிடும். தத்துக்காகப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் 1956 சட்டத்திலேயே குற்றம். சிறார் நீதிச் சட்டத்தின் 81-வது பிரிவில் குழந்தையை விற்பதற்கும் வாங்குவதற்கும் ஐந்து ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் அபராதம். உரிய உத்தரவில்லாமல் குழந்தையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோனால் 80-வது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை. 2019-ல் ராசிபுரத்தில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் குழந்தைகளுக்கு விலை பேசிய ஆடியோ வெளியாகி, வழக்கு சி.பி.சி.ஐ.டி. வரை போனதை நீங்களும் படித்திருப்பீர்கள். அதன் பிறகு இதுபோன்ற பேச்சு காதில் விழுந்தாலே அதிகாரிகள் உஷாராகிவிடுகிறார்கள். தங்கைக்குச் செய்ய வேண்டுமென்றால், குழந்தைப் பேச்சு முழுவதுமாக முடிந்துபோன பிறகு, அவள் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமாகச் செய்யுங்கள். அதுவரை வாட்ஸ்அப்பில் தொகை பற்றி ஒரு வரிகூட வேண்டாம்.

மருத்துவமனையில் சொல்லிப் பிறப்புச் சான்றிதழிலேயே உங்கள் பெயரைப் போட்டுவிடலாம் என்று இன்னும் யாரும் சொல்லவில்லையா? சொல்வார்கள். அது போலி ஆவணம். பிள்ளை நீங்கள் பெற்றதுதானா என்று சந்தேகம் வந்தால் தூதரகம் டி.என்.ஏ. பரிசோதனை கேட்கும். அங்கே எல்லாம் வெளுத்துவிடும்.

இரண்டாவது குழந்தை வேண்டும் என்ற ஆசைக்கு நேர்வழி இருக்கிறது, கொஞ்சம் நீளமான வழி. மத்திய தத்தெடுப்பு ஆணையமான காரா அங்கீகரித்த முகமை ஒன்று அமெரிக்காவில் உங்கள் வீட்டுக்கு வந்து விசாரித்து அறிக்கை தயாரிக்கும். வருமானம், உடல்நிலை எல்லாம் பார்ப்பார்கள். உங்கள் மகளிடமும் பேசுவார்கள். அவளிடம் இப்போதே சொல்லி வையுங்கள். அறிக்கையோடு காராவின் கேரிங்ஸ் தளத்தில் பதிவு. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தம்பதியின் கூட்டு வயது 85-ஐத் தாண்டக் கூடாது. உங்களுக்கு இப்போது 79. ஒரு வருடம் தள்ளிப்போட்டால் இரண்டு வயது ஏறும், பார்த்துக்கொள்ளுங்கள். பதிவு செய்யும் நாளில் உள்ள வயதுதான் கணக்கு. கைக்குழந்தைதான் வேண்டுமென்றால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரும். நான்கைந்து வயதுக் குழந்தை, சிறப்புக் கவனிப்பு தேவைப்படும் குழந்தை என்றால் சீக்கிரம் அமையும். எந்த ஊர்க் குழந்தை என்பதில் பிடிவாதம் வேண்டாம்.

குழந்தையின் விவரம் வந்து நீங்கள் ஏற்றுக்கொண்ட பிறகு ஐ-800, தூதரகக் கடிதம், காராவின் தடையில்லாச் சான்று, கடைசியாக மாவட்ட ஆட்சியரின் தத்து உத்தரவு. முன்பு நீதிமன்றம் கொடுத்த உத்தரவு இது. 2021 திருத்தத்துக்குப் பிறகு, 2022 செப்டம்பரிலிருந்து ஆட்சியர் கொடுக்கிறார். வெளிநாட்டுத் தத்து என்ற பெயரில் நடந்த முறைகேடுகளைப் பற்றி வழக்கறிஞர் ஒருவர் எழுதிய கடிதத்தை மனுவாக எடுத்துக்கொண்டு, 1984-ல் லட்சுமிகாந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளிலிருந்து வளர்ந்த நடைமுறைதான் இத்தனையும். சலிப்பாக இருந்தாலும் காரணமில்லாமல் வைக்கவில்லை.

நீங்கள் குழந்தைக்காகப் பயணம் வர வேண்டியது அந்த உத்தரவுக்குப் பிறகு. புதிய பிறப்புச் சான்றிதழ், இந்திய பாஸ்போர்ட், தத்து ஹேக் உடன்படிக்கைப்படி நடந்தது என்று காரா தரும் இணக்கச் சான்றிதழ் மூன்றும் தயாரானதும் விசா. குடியேற்ற விசா சென்னைத் துணைத் தூதரகத்தில் கிடைக்காது என்பதால் வெளியூர்ப் பயணத்துக்கும் நாள் ஒதுக்குங்கள். தத்து இங்கேயே முழுமையாக முடிந்து ஐ.ஹெச்.-3 விசாவில் போனால், அங்கே போய் இறங்கி நுழைந்ததும் குழந்தை அமெரிக்கக் குடிமகள். அதன்பின் இரண்டு ஆண்டுகள் முகமை வந்து பார்த்து அறிக்கை அனுப்பும். முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இரண்டாம் ஆண்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

மூத்தவளையும் அந்தப் பயணத்துக்குக் கூட்டி வாருங்கள், தடையேதும் இல்லை. ஆனால் திரும்பும் தேதியை மாற்ற முடியாத டிக்கெட் எடுக்காதீர்கள். பாஸ்போர்ட்டோ விசாவோ ஒரு வாரம் இழுத்துவிட்டால் பள்ளி திறக்கிறது என்று ஒருவர் முன்னால் கிளம்ப வேண்டியிருக்கும். அந்த நிலை வந்தால் கணவர் மூத்தவளோடு போகட்டுமா, நீங்கள் போவதா என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பொங்கலுக்கு ஊரில் யார் எந்த முத்திரைத்தாளை நீட்டினாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.