மாத்திரை தீரும் தேதி

கேள்வி: சுகாதாரத் தன்னார்வலராகப் பயிற்சி முடித்திருக்கிறேன். நாற்பது சர்க்கரை நோயாளிகளை என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். டாக்டரைப் பார்த்துவிட்டு வர ஒரு நாள் முழுக்கப் போய்விடும். கையில் ஒரு குளுக்கோமீட்டர், பிரஷர் மிஷின், ஒரு நோட்டு. மருந்து எழுத முடியாத நான் என்ன செய்துவிட முடியும்?

பதில்: சகோதரி, இருபத்தாறு வருஷம் நர்ஸாக வீடு வீடாகப் போனவள் சொல்கிறேன். உங்களிடம் இருப்பதில் பெரிய பொருள் அந்த நோட்டுதான்.

சர்க்கரை வலிக்காத வியாதி. "இப்போ நல்லாத்தானே இருக்கேன், அதான் நிறுத்திட்டேன்" என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்! நன்றாக இருப்பதே மாத்திரையால்தான் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் நோட்டில் பெயர், சுகர், பிரஷர் எழுதிவிட்டு, கடைசியில் இன்னொரு கட்டம் போடுங்கள்: மாத்திரை தீரும் தேதி. அதற்கு மூன்று நாள் முன்னால் அந்த வீட்டு வாசலில் நில்லுங்கள். திட்ட வேண்டாம். மிச்சம் எத்தனை மாத்திரை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், போதும்.

பிரஷரை விட்டுவிடாதீர்கள். சர்க்கரை உள்ளவர்களின் உயிரை அதிகம் பறிப்பது மாரடைப்பும் பக்கவாதமும்தான். உலக சுகாதார நிறுவனம் 2030-க்கு வைத்திருக்கும் இலக்குகளில், நோய் கண்டறியப்பட்டவர்களில் 80 சதவீதம் பேருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதோடு, 80 சதவீதம் பேருக்கு பிரஷரும் கட்டுக்குள் இருக்க வேண்டும் என்று சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்தது கால். இதற்குக் கருவியே வேண்டாம், உங்கள் ஆள்காட்டி விரல் போதும். இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்ற ஊர் மருத்துவர்கள் வகுத்த முறை இது. நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லுங்கள். இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் என ஆறு விரல்களின் நுனியை ஒவ்வொன்றாக, ஒன்றிரண்டு விநாடி, இறகு பட்ட மாதிரி தொடுங்கள். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது. தொட்டது தெரிந்தால் வலது, இடது என்று அவர் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால் காலில் உணர்ச்சி குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

ஒரு பெரியம்மாவுக்கு இப்படிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு, "எப்பம்மா தொடப்போறே?" என்று கேட்டார். நான் அதற்குள் நான்கு விரல் தொட்டு முடித்திருந்தேன். பாதத்தைத் திருப்பிப் பார்த்தால் குதிகாலில் ஒரு கண்ணாடிச் சில்லு, சுற்றிலும் கன்றிப்போய் இருந்தது. எப்போது குத்தியது என்று அவருக்குத் தெரியவில்லை. அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், கால் பிழைத்தது. அன்றிலிருந்து செருப்பைக் கழற்றச் சொல்லாமல் நான் எந்த வீட்டையும் விட்டு வந்ததில்லை. செருப்புக்குள்ளும் கைவிட்டுப் பார்ப்பேன்.

புண், வீக்கம், நாற்றம் இருந்தால் மறுநாள் என்று தள்ளாமல் அனுப்புங்கள். சுகர் ஏறி வாந்தி, மேல்மூச்சு வாங்கினாலும் அப்படியே. சுகர் 70-க்குக் கீழே போய் வியர்த்து நடுங்கினால், விழுங்கும் நினைவு இருக்கும்போதே 15 கிராம் சர்க்கரை கொடுங்கள், அதாவது மூன்று நான்கு டீஸ்பூன். பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி டெஸ்ட் செய்யுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே தூக்கிக்கொண்டு போங்கள்.

இன்னொன்று. ஒரு முகாமில், விரலில் குத்தும் ஊசி பத்தாமல் ஒருவருக்குக் குத்தியதையே அடுத்தவருக்குக் குத்தப்போனார்கள். கையிலிருந்து பிடுங்கினேன். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி பரவ அது ஒன்றே போதும். ஊசி தீர்ந்தால் அன்றைக்கு டெஸ்ட் கிடையாது.

கேள்வி: அப்பாவுக்கு இன்சுலின். வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. கெட்டுப்போகாதா?

பதில்: திறக்காத மருந்துக்கு 2 முதல் 8 டிகிரி குளிர்ச்சி வேண்டும். அதனால் வீட்டில் சேர்த்து வைக்காமல், ஒவ்வொரு குப்பியாகச் சுகாதார நிலையத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். திறந்து பயன்படுத்தும் குப்பி, அதிக வெயில் படாத இடத்தில் பொதுவாக நான்கு வாரம் தாங்கும். திறந்த தேதியை அதன் மேலேயே எழுதிவையுங்கள். வெப்பம் அதிகமான இடமென்றால் பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை வைத்து, நடுவில் ஈர மணல் நிரப்பி, குப்பியைத் தண்ணீர் படாமல் உறையில் சுற்றி உள்ளே வைக்கலாம். காற்று வறண்டிருந்தால் நன்றாகக் குளிரும், புழுக்கமான இடத்தில் அவ்வளவு குளிராது. பால் நிற இன்சுலினை உள்ளங்கைகளுக்கு நடுவில் மெல்ல உருட்டிய பிறகும் திரிதிரியாக இருந்தாலோ, தெளிந்த இன்சுலின் கலங்கியிருந்தாலோ போடாதீர்கள். அதே அளவு போட்டும் திடீரென்று சுகர் ஏறிக்கொண்டே போனால், அப்பாவின் சாப்பாட்டைக் குறைசொல்வதற்கு முன்னால் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள்.