ஒரு எம்.பி. மனசு வெச்சா, மாற்றுத்திறனாளிகளுக்கு ரயில்ல நிஜமாவே ஏதாவது மாறுமா?

மாறும். என் கண்ணெதிரே ஒரு சாய்தளம் மூன்றரை மீட்டர் நீண்டிருக்கிறது. அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தப் பதில்.

முதலில் என்னைப் பற்றி. காட்பாடிக்காரன், வயது 54. இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் போனது. காலில் காலிபர் (காலைத் தாங்கும் இரும்புச் சட்டம்), கக்கத்தில் கட்டை. மாதம் நாலைந்து முறை சென்னைக்கு ரயிலில் போய் வருகிறேன். எந்தக் கட்சியிலும் இல்லை. எம்.பி. என்று எழுதினாலே வேட்டிக்கரை என்ன நிறம் என்று பார்ப்பார்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் ரயில் ஏறுவது எப்படி என்று தெரிந்தால்தான் மீதி புரியும். நம் பெரிய ஸ்டேஷன்களில் பிளாட்பாரத்தின் உயரம் தண்டவாளத்திலிருந்து 76 முதல் 84 செ.மீ. பெட்டியின் தரை ஏறக்குறைய 130 செ.மீ. இடையில் கிட்டத்தட்ட அரை மீட்டர். உங்களுக்கு அது படி, சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு அது சுவர். நான் முதலில் கட்டை இரண்டையும் உள்ளே போட்டுவிடுவேன். அப்புறம் இரண்டு பக்கக் கம்பியையும் பிடித்து, வலது காலை வைத்து, காலிபர் காலை இழுத்துக்கொண்டு மேலே போக வேண்டும். கட்டையை ஏன் முதலில் போடுகிறேன் என்றால், வண்டி நகர்ந்துவிட்டாலும் அதைப் பார்த்து யாராவது சங்கிலியை இழுப்பார்கள் என்று ஒரு நப்பாசை. வண்டி நிற்பதோ இரண்டு நிமிடம்.

எங்களுக்கென்று தனிப்பெட்டி உண்டு. கார்டு இருக்கும் பெட்டியோடு சேர்ந்தது, கதவு அகலம், உள்ளே பெரிய கழிப்பறை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது வண்டியின் கோடியில் இருக்கும். கட்டையோடு அவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்தால் உள்ளே தாழ்ப்பாள். ஒருமுறை தட்டினேன். ஜன்னல் வழியாக ஒருவர் எட்டிப் பார்த்து, “இது ஹேண்டிகேப் பெட்டிங்க, பக்கத்துல ஏறுங்க” என்றார். என்னிடம்! நானும் கட்டையைத் தூக்கிக் காட்டினேன். அதற்குள் கார்டு விசில் கொடுத்துவிட்டார்.

“உங்களுக்குத்தான் டிக்கெட்டில் முக்கால்வாசி தள்ளுபடி இருக்கே?” என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது. ஸ்லீப்பரில் 75 சதவீதம், கூட வருபவருக்கும் அதே. கோட்டாவில் நாலு பெர்த்தும் உண்டு. ஆனால் தள்ளுபடி டிக்கெட் என்னைத் தூக்கி உள்ளே வைக்காது.

சரி, சாய்தளம். ஏழெட்டு வருஷம் முன்னால், பக்கத்து ஸ்டேஷன் ஒன்றில் (பேர் வேண்டாம், அங்கே வேலை செய்கிறவர்கள் நல்லவர்கள்) பிளாட்பாரத்துக்கு ஏறும் சாய்தளம் செங்குத்தாக இருந்தது, பிடித்துக்கொள்ளக் கம்பியும் கிடையாது. நானும் பார்வையில்லாத நண்பர் ஒருவரும் எம்.பி.யைப் பார்த்து மனு கொடுத்தோம். “மாற்றுத்திறனாளிகளுக்கு உரிய வசதிகள் செய்து தர வேண்டும்.” நாலு மாதத்தில் பதில் வந்தது: உரிய வசதிகள் ஏற்கெனவே செய்து தரப்பட்டுள்ளன.

எம்.பி.யின் உதவியாளர் தாலுகா ஆபீசில் இருந்து ரிட்டையர் ஆனவர். அந்தப் பதிலைப் படித்துவிட்டுச் சிரித்தார். “சார், வசதி வேணும்னு எழுதினா வசதி இருக்குன்னுதான் பதில் வரும். நிலத் தகராறுக்கு எழுதுற மாதிரி எழுதுங்க. எத்தனை அடி, எத்தனை அங்குலம்?”

மறுநாள் நண்பரின் மகனையும் கூட்டிக்கொண்டு டெய்லர் டேப்போடு போனோம். அளந்துகொண்டிருக்கும்போது ரயில்வே போலீஸ்காரர் வந்தார். “என்னங்க, பிளாட்பாரத்துக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?” உயரம் 70 செ.மீ., நீளம் 490. அதாவது ஒன்றுக்கு ஏழு. விதிப்படி ஒன்றுக்குப் பன்னிரண்டு இருக்க வேண்டும், அப்படியானால் நீளம் 840. இந்த இரண்டு எண்ணையும் போட்டு எழுதிக் கொடுத்தோம். எம்.பி. அதை மக்களவையில் எழுத்துபூர்வக் கேள்வியாகக் கொடுத்தார். வந்த பதில் வழக்கம்போல “படிப்படியாக, நிதியைப் பொறுத்து”தான். ஆனால் அந்தப் பதிலைத் தயாரிக்க ரயில்வே வாரியத்திலிருந்து மண்டலத்துக்கும், மண்டலத்திலிருந்து கோட்டத்துக்கும் கடிதம் வந்து, கடைசியில் ஒரு என்ஜினீயர் நேரில் வந்து அளந்தே ஆக வேண்டியதாகிவிட்டது. 14 மாதம் கழித்து சாய்தளம் நீண்டது. கம்பியும் வந்தது.

எம்.பி.க்கு இருக்கும் ஆயுதம் இதுதான் என்பது என் அபிப்பிராயம். தொகுதி நிதி வருஷத்துக்கு 5 கோடி, ஆறு சட்டமன்றத் தொகுதிக்கும் அதைப் பங்கு போட வேண்டும். கேள்வி கேட்கக் காசு வேண்டாம், 15 நாள் முன்கூட்டி நோட்டீஸ் கொடுத்தால் போதும். அமைச்சர் அவையில் “செய்கிறோம்” என்று வாய்விட்டால் அது அரசு உறுதிமொழிக் குழுவின் கணக்கில் ஏறிவிடும், மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும். அந்தக் கணக்கை விடாமல் பின்தொடர ஒருவர் வேண்டும், அவ்வளவே.

சட்டமும் இதே வார்த்தை விவகாரம்தான். 1995-ஆம் வருஷச் சட்டம் ரயிலிலும் நிலையத்திலும் எங்களுக்கு வசதி வேண்டும் என்றது. கூடவே “பொருளாதார சக்திக்கு உட்பட்டு” என்று ஒரு வாலையும் ஒட்டியது. 2016 சட்டம் எவ்வளவோ மேல், 7 வகைக் குறைபாடுகளை 21 ஆக்கியது. ஆனால் அதன் 41-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். பழைய வண்டிகளை மாற்றியமைப்பதற்கு, தொழில்நுட்ப ரீதியில் இயன்றால், பொருளாதார ரீதியில் கட்டுபடியானால், வடிவமைப்பில் பெரிய மாற்றம் தேவைப்படாவிட்டால் என்று நிபந்தனைகள். அரை மீட்டர் சுவர் இந்த ‘ஆல்’களுக்குள் வசதியாக உட்கார்ந்திருக்கிறது. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் கீழ் அரசு போட்ட 15(1) விதியைச் செல்லாது என்றது. சட்டம் ‘கட்டாயம்’ என்று சொன்னதை விதி வெறும் பரிந்துரையாக்கிவிட்டது என்பதுதான் காரணம். வார்த்தையைப் போடும்போதே கையைத் தூக்கி ஆட்சேபிக்க வேண்டியவர்கள் யார்? நாம் ஓட்டுப் போட்டு அனுப்புகிறவர்கள்.

தனிநபர் மசோதா, அதாவது அமைச்சரல்லாத எம்.பி. ஒருவர் தானாகவே கொடுக்கும் சட்ட மசோதா, கொண்டுவரலாமே என்பார்கள். பிரிட்டனில் ஆல்ஃப் மோரிஸ் என்ற தொழிற்கட்சி எம்.பி. தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்துதான் 1970-இல் அங்கே மாற்றுத்திறனாளிகளுக்கான முதல் பெரிய சட்டம் வந்தது. அதே 1970-இல்தான் நம் நாடாளுமன்றத்தில் கடைசியாக ஒரு தனிநபர் மசோதா சட்டமானது. அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. ஆனாலும் வீண் என்று சொல்ல மாட்டேன். திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015-இல் மாநிலங்களவையில் நிறைவேறியது, அதன் பிறகு அரசே ஒரு மசோதா கொண்டுவர வேண்டி வந்தது. அரசு கொண்டுவந்தது எப்படி இருந்தது என்பது வேறு கதை.

சட்டம் வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால் அதுவும் இல்லை. பிரிட்டனின் டானி கிரே-தாம்சன் பாராலிம்பிக்கில் 11 தங்கம் வென்றவர், அந்த நாட்டு மேலவையான பிரபுக்கள் சபையின் உறுப்பினர், ரயிலில் மாற்றுத்திறனாளிகள் படும் பாட்டை அந்தச் சபையிலேயே பேசுகிறவர். 2024 ஆகஸ்டில் லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் இறக்கிவிட ஆள் வராமல், தரையில் தவழ்ந்து இறங்கினார். அதைப் படித்த அன்று எனக்குக் கோபத்தைவிட ஒரு அசட்டுத் திருப்திதான் வந்தது. அங்கேயும் இப்படித்தானா!

நம்ம ஊரில் இந்தப் பேச்சு எழாமல் இருப்பதுதான் எனக்கு ஆச்சரியம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்து வந்து நின்றது நம் வாலாஜா ரோட்டில். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு ஜார்க்கண்டிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் ஸ்ட்ரெச்சரோடு வருகிறவர்கள் இறங்குவது காட்பாடியில். விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த பிறகும் சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ், 1966-இல் மறுவாழ்வு மையம் தொடங்கியது வேலூர் பாகாயத்தில். என் முதல் காலிபர் அங்கே செய்ததுதான், அம்மா இடுப்பில் தூக்கிக்கொண்டு போவாள். அரக்கோணம் எம்.பி. ஆர். வேலு 2004 முதல் 2009 வரை ரயில்வே இணை அமைச்சராகவே இருந்தார். இவ்வளவும் இருந்தும், யார் எம்.பி.யாக வந்தாலும் நாம் கொடுக்கும் மனு ஒன்றுதான்: இன்ன எக்ஸ்பிரஸ் எங்க ஊரில் நிற்க வேண்டும். நின்ற வண்டியில் யார் ஏறுவது?

நீங்கள் மனு கொடுப்பதாக இருந்தால் ஒரு விஷயம். காட்பாடி சென்னைக் கோட்டம், வேலூர் கன்டோன்மென்ட் திருச்சிக் கோட்டம். ஊர் ஒன்று, ஆபீஸ் இரண்டு. மாற்றி அனுப்பினால் காகிதம் ஊர் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இப்போது அடுத்த மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். பெட்டிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே போடும் மடக்குப் பலகை பற்றியது. பழைய உதவியாளர் இப்போது வேலையில் இல்லை, வீட்டுக்கே போய்க் காட்டினேன். ‘மடக்குப் பலகை வழங்க வேண்டும்’ என்ற வரியைப் பேனாவால் அடித்தார். பதிலுக்கு மூன்று வரி சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். பலகை எந்த ஸ்டேஷனில் எந்த அறையில் இருக்கும்? கேட்டால் எத்தனை நிமிடத்தில் பிளாட்பாரத்துக்கு வரும்? ராத்திரி பத்து மணிக்கு மேல் அந்த அறைச் சாவி யாரிடம்?