ஏரியை அளப்பது எப்படி? நீர்மட்டம், கொள்ளளவு, வண்டல்: கேள்வி பதில்

ஏரி, கண்மாய், குளம், கிணறு ஆகியவற்றை அளப்பது பற்றி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே. பல கேள்விகளுக்குப் பின்னால் இருக்கும் சிக்கல் ஒன்றுதான். பரப்பை அளக்க எல்லோரும் மெனக்கெடுகிறோம், மட்டத்தைக் கோட்டை விடுகிறோம். 40 ஹெக்டேர் ஏரியில் மட்டம் 10 செ.மீ. தவறினால் கணக்கில் 40,000 கன மீட்டர் தண்ணீர் தவறும். அது ஏறக்குறைய 1.4 மில்லியன் கன அடி.

ஐயா, எங்கள் கண்மாயில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று ஊரில் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். பெரிய செலவில்லாமல் நாங்களே அளக்க முடியுமா? (பாசனக் குழு உறுப்பினர், சிவகங்கை)

முடியும். முதலில் வேண்டியது அசையாத ஒரு புள்ளி. கலிங்கின் (உபரி நீர் வழிந்தோடும் இடம்) கல் அல்லது மதகின் கட்டுமானத்தில் ஓரிடத்தில் பெயின்ட் அடித்துக் குறி வையுங்கள். இனி எல்லா உயரமும் அதிலிருந்துதான். மதகடி மட்டத்தை, அதாவது மதகின் அடித்தள மட்டத்தை, பூஜ்யமாக வைத்து, மதகுச் சுவரில் செ.மீ. கோடுகள் போட்ட நீர்மட்ட அளவுகோலைப் பதியுங்கள். சுவர் சாய்வாக இருந்தால் சாய்வின் மேலேயே கோடு போடக் கூடாது. லெவல் கருவியால் (உயர வேறுபாடு பார்க்கும் கருவி) ஒவ்வொரு அரை மீட்டரையும் தனித்தனியே குறிக்க வேண்டும்.

அடுத்தது பரப்பு. கண்மாய் வற்றும்போது நீரின் ஓரமே சமமட்டக் கோடுதான். அளவுகோலில் 2 மீட்டர் இருக்கும் நாளில் நீர்ப்பரப்பு எவ்வளவு, 1.5 மீட்டரில் எவ்வளவு என்று செயற்கைக்கோள் படத்தில் பார்த்தாலே, இறங்கி அளக்காமல் உள்வடிவம் கிடைத்துவிடும். சென்டினல் 2 செயற்கைக்கோளின் இலவசப் படங்கள் 5 நாளுக்கு ஒருமுறை, காலை பத்தரை வாக்கில் எடுக்கப்படுகின்றன. அந்த நாளில் அந்த நேரத்தை ஒட்டி அளவுகோலைப் படித்து எழுதுங்கள். மறுநாள் படித்த அளவு போதும் என்று விடாதீர்கள். மடை திறந்திருக்கும் காலத்தில் ஒரே நாளில் மட்டம் நன்றாக இறங்கிவிடும்.

பிறகு கணக்கு. இரண்டு மட்டங்களின் பரப்புகளைக் கூட்டி, அவற்றின் பெருக்குத்தொகையின் வர்க்கமூலத்தையும் சேர்த்து, மட்ட வேறுபாட்டால் பெருக்கி, மூன்றால் வகுக்க வேண்டும். ஒரு மாதிரி: 0.5 மீட்டரில் 6 ஹெக்டேர், 1.0 மீட்டரில் 15, 1.5 மீட்டரில் 27, 2.0 மீட்டரில் 40. மூன்று அடுக்குகளும் முறையே 5.08, 10.35, 16.64 ஹெக்டேர் மீட்டர். மொத்தம் 32.07, அதாவது ஏறக்குறைய 3,20,700 கன மீட்டர், 11.3 மில்லியன் கன அடி. 0.5 மீட்டருக்குக் கீழே இருப்பதை வற்றிய பிறகு தனியாக அளந்து சேர்த்துக்கொள்ளுங்கள்.

மேல் அரை மீட்டர் மட்டும் இதில் பாதிக்கு மேல் பிடிக்கிறது, கவனித்தீர்களா? கலிங்கை யாராவது அரை மீட்டர் உடைத்து இறக்கினால் போவது கால் பங்கு தண்ணீர் அல்ல, பாதித் தண்ணீர். ஊர்க் கூட்டத்தில் இந்த ஒரு கணக்கை மட்டுமாவது எடுத்துச் சொல்லுங்கள்.

சார், பச்சை அலையும் அண்மை அகச்சிவப்பும் வைத்த நீர்க் குறியீட்டைப் பயன்படுத்துகிறேன். பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் நீர் என்று எடுத்தால், நிரம்பிய ஏரியின் பரப்பு பாதிதான் வருகிறது. ஏன்? (புவியியல் முதுகலை மாணவி, மதுரை)

ஏரிக்குள் சீமைக்கருவேலோ, வனத்துறை நட்ட கருவேலந்தோப்போ, ஆகாயத்தாமரையோ இருக்கிறதா பாருங்கள். செயற்கைக்கோளுக்குத் தெரிவது இலைதான், அடியில் நிற்கும் தண்ணீர் தெரியாது. இலை அண்மை அகச்சிவப்பை வலுவாகத் திருப்பி அனுப்புவதால் குறியீடு எதிர்மறைக்குப் போய்விடும். மழைக்குப் பின் வரும் செங்கலங்கல் நீரிலும் இதே கோளாறு வரும். அதற்கு அண்மை அகச்சிவப்புக்குப் பதிலாகக் குற்றலை அகச்சிவப்பைப் பயன்படுத்தும் திருத்திய குறியீடு நன்றாக வேலை செய்யும். ஆனால் சென்டினல் 2-இல் அந்த அலைவரிசையின் படப்புள்ளி 20 மீட்டர், பச்சைக்கும் அண்மை அகச்சிவப்புக்கும் 10 மீட்டர் என்பதை மறக்க வேண்டாம்.

வரம்பைப் பூஜ்யம் என்று எல்லாப் படத்துக்கும் ஒரேயடியாக வைக்காதீர்கள். படத்துக்குப் படம் குறியீட்டு எண்களின் பரவலை வரைந்து பார்த்து, நீர், நிலம் இரண்டின் மேடுகளுக்கும் இடையில் உள்ள பள்ளத்தில் வையுங்கள். மரம் மூடிய பகுதிக்குக் குறியீடு எதுவும் உதவாது. அங்கே நேரில் போய் நீரோரத்தை ஜி.பி.எஸ்ஸில் நடந்து பதிவதுதான் வழி. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மறைத்தால் சென்டினல் 1 ரேடார் படம் எடுங்கள். அமைதியான நீர் அதில் கறுப்பாகத் தெரியும். பலத்த காற்று நாளில் அலை எழுந்து நீரும் நிலம்போல் வெளுத்துவிடும். அந்த நாள் படத்தை ஒதுக்கிவிடுங்கள்.

எங்கள் ஊர் கடல் மட்டத்துக்கு மேலேதானே இருக்கிறது? ஜி.பி.எஸ். கருவி உயரத்தை −45 மீட்டர் என்கிறது. கருவி பழுதா? (திருவள்ளூர்)

பழுது இல்லை. கருவி காட்டுவது பூமியைச் சீரான நீள்கோளமாக வைத்துக் கணக்கிட்ட உயரம், கடல் மட்டத்திலிருந்து எடுத்த உயரம் அல்ல. ஈர்ப்பு வேறுபாட்டால் உண்மையான சராசரிக் கடல் மட்டம் அந்தக் கோளத்திலிருந்து விலகும். உலகிலேயே மிக ஆழமான விலக்கம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது, சுமார் 106 மீட்டர். நம் பக்கம் அது ஏறக்குறைய 80 முதல் 100 மீட்டர் வரை. கருவியின் அமைப்பில் ஈ.ஜி.எம். 2008 என்ற கடல் மட்ட மாதிரியைத் தேர்ந்தெடுத்தால் திருத்தி விடும். ஒரே வேலையில் பாதியைத் திருத்தியும் பாதியைத் திருத்தாமலும் கலந்துவிடுவதுதான் பெரிய ஆபத்து. புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே எந்த உயரம் என்று எழுதி வையுங்கள்.

வணக்கம்ங்க. கோயம்புத்தூர்ல எடுத்த புள்ளிகளையும் மதுரைல எடுத்ததையும் ஒரே படத்துல போட்டா ஒண்ணு எங்கேயோ போயிடுதுங்க.

78 பாகை தீர்க்கரேகை தமிழ்நாட்டின் குறுக்கே ஓடுகிறது. உலகை 6 பாகைப் பட்டைகளாகப் பிரிக்கும் யு.டி.எம். வரைபட முறையில் அதற்கு மேற்கே மண்டலம் 43, கிழக்கே 44. கோவையும் திண்டுக்கல்லும் 43-இல், மதுரையும் சென்னையும் 44-இல். இரண்டையும் சேர்ப்பதற்கு முன் ஏதாவது ஒரு மண்டலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பெயரை மட்டும் மாற்றினால் போதாது, மென்பொருளில் மறுவீழ்த்தல் செய்ய வேண்டும், அதாவது புள்ளிகளின் எண்களையே புதிய மண்டலத்துக்குக் கணக்கிட்டு மாற்ற வேண்டும்.

ஏரியைச் சுற்றி 2 கி.மீ. லெவல் எடுத்துத் தொடங்கிய இடத்துக்கே திரும்பினோம். 38 மி.மீ. வித்தியாசம். பரவாயில்லையா? (டிப்ளமோ சிவில், விழுப்புரம்)

இந்த வேலைக்குப் பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். கிலோமீட்டர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை 12 மி.மீ.யால் பெருக்கி வரும் அளவை எல்லையாக வையுங்கள். 2 கி.மீ.க்கு 17 மி.மீ. நீங்கள் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டீர்கள்.

முதலில் கருவியைச் சோதியுங்கள். 60 மீட்டர் இடைவெளியில் இரண்டு முளை அடித்து, நடுவில் கருவி வைத்து இரண்டின் உயர வேறுபாட்டைக் குறியுங்கள். பிறகு கருவியை ஒரு முளைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மறுபடி எடுங்கள். இரண்டு வேறுபாடும் ஒத்துப்போகாவிட்டால் பார்வைக் கோடு சாய்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்யும்வரை கருவியிலிருந்து முன்னால் பார்க்கும் தூரத்தையும் (முன்பார்வை) பின்னால் பார்க்கும் தூரத்தையும் (பின்பார்வை) சமமாக வைத்தால் பிழை தன்னால் கழிந்துவிடும்.

கருவி சரியென்றால் ஸ்டாஃப் (அளவு குறித்த கம்பு) பிடிப்பவரைப் பாருங்கள். 3 மீட்டர் ரீடிங்கில் ஸ்டாஃப் 5 பாகை சாய்ந்தால் 11 மி.மீ. கூடுதலாகக் காட்டும். மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டச் சொல்லி, வரும் மிகக் குறைந்த அளவை எடுங்கள். கரையில் இளகின மண்ணில் மாற்றுப்புள்ளி (கருவியை இடம் மாற்றும்போது ஸ்டாஃப் நிற்கும் இடம்) வைத்தால் ஸ்டாஃப் அமிழும், இரும்புத் தட்டு போடுங்கள். நடுப்பகலில் தரையை ஒட்டிக் கானல் ஆடும்போது வேலையை நிறுத்திவிடுவது நல்லது. இந்த நாட்டின் பெரிய முக்கோண அளவை 1802-இல் பரங்கிமலை அருகே ஆங்கிலேய அளவையாளர் லாம்ப்டன் அளந்த அடிக்கோட்டிலிருந்து கிளம்பியது. ஒரு கோட்டின் பிழை அடுத்தடுத்த முக்கோணங்களிலெல்லாம் ஏறும் என்பதால்தான் அந்த முதல் கோட்டுக்கு அவ்வளவு பாடுபட்டார்கள்.

மீன் தேடும் எக்கோ கருவியைப் பரிசலில் கட்டி ஆழம் எடுக்கலாமா?

எடுக்கலாம். ஒலி வேகத்தைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். 30 பாகை நன்னீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,509 மீட்டர் போகும். கருவி 1,500 என்று வைத்திருந்தால் 3 மீட்டர் ஆழத்தில் தவறுவது 2 செ.மீ.தான். உணரியை நீருக்குள் 20 செ.மீ. இறக்கிக் கட்டிவிட்டு அதைக் கூட்ட மறந்தால்தான் எல்லா அளவும் 20 செ.மீ. குறையும். தினமும் தொடங்கும் முன் ஒரு இரும்புத் தட்டைக் கயிற்றில் சரியாக 2 மீட்டருக்கு இறக்கி, கருவி அதையே சொல்கிறதா பாருங்கள். ஒலிக்கற்றை 20 பாகை விரிந்தால் 3 மீட்டர் ஆழத்தில் ஒரு மீட்டர் அகல வட்டத்தைப் பார்க்கும், அதில் உள்ள மேடே முதலில் பதியும். வேலம்பாசி அடர்ந்த இடத்தில் பாசியின் தலையைத் தரை என்று சொல்லும்.

அரை மீட்டருக்குக் குறைவான இடத்தில் மூங்கில்தான். நுனியில் 15 செ.மீ. அகலத் தட்டு கட்டாவிட்டால் சேற்றில் இறங்கி ஆழத்தைக் கூட்டிவிடும். கரைக்குச் செங்குத்தாக 25 மீட்டருக்கு ஒரு வரிசை போய், பிறகு குறுக்கே இரண்டு வரிசை ஓட்டி, வெட்டும் இடங்களில் ஆழம் ஒத்துவருகிறதா பாருங்கள்.

தூர்வாரிய மண்ணை லாரிக் கணக்கில் காட்டுகிறார்கள். சரிபார்ப்பது எப்படி? (ஊராட்சி வார்டு உறுப்பினர்)

லாரியை எண்ணாதீர்கள், குழியை அளங்கள். வெட்டுவதற்கு முன் 20 மீட்டர் கட்டங்களாக லெவல் எடுத்து, வெட்டிய பின் அதே குறியிலிருந்து அதே கட்டங்களில் மறுபடி எடுக்க வேண்டும். மண் வெட்டியதும் உப்பும், பொதுவாக 20 முதல் 30 சதவீதம் வரை. 10,000 கன மீட்டர் என்பது ஏரிக்குள் சுமார் 3,530 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). லாரியில் ஏறும்போது அதுவே 4,240 முதல் 4,590 யூனிட் ஆகிவிடும். ஒப்பந்தத்தில் கிடந்த நிலை அளவா, தளர்ந்த அளவா என்று எழுதாவிட்டால் பிறகு சண்டைதான். அங்கங்கே வெட்டாத மண்திட்டுகளைச் சாட்சியாக விடச் சொல்லி, அளந்த பிறகே எடுக்க அனுமதியுங்கள்.

மதகடி மட்டத்துக்குக் கீழே வெட்டியது ஆயக்கட்டுக்குப் பாயாது. ஊறலுக்கும் கால்நடைக்கும் உதவும், ஆனால் பாசனக் கொள்ளளவு கூடியது என்று காட்டக் கூடாது. கரையடியில் வெட்டவே விடாதீர்கள்.

எங்கட குளம் வான் பாயேக்க எவ்வளவு தண்ணி போகுது எண்டு கணிக்க ஏலுமோ? (வவுனியா)

ஏலும். அகன்ற முகடு உள்ள வானுக்கு (தமிழ்நாட்டில் கலிங்கு என்பார்கள்): நீளத்தை மீட்டரில் எடுத்து, முகட்டுக்கு மேல் உள்ள நீர் உயரத்தின் ஒன்றரை அடுக்கால் பெருக்கி, 1.7-ஆல் பெருக்குங்கள். 30 மீட்டர் நீளம், 30 செ.மீ. உயரம் என்றால் நொடிக்குச் சுமார் 8.4 கன மீட்டர், ஏறக்குறைய 296 கன அடி.

உயரத்தை முகட்டின் மேலேயே அளப்பதுதான் வழக்கமான பிழை. நீர் அங்கே ஏற்கெனவே வளைந்து தாழ்ந்துவிடும். நீர் உயரத்தைப் போல் நான்கு மடங்கு தூரம் குளத்துக்குள் தள்ளி அளக்க வேண்டும். 3 செ.மீ. தவறினாலும் பாய்ச்சல் 15 சதவீதம் தவறும். முகட்டில் நிறுத்திய கற்கள் இருந்தால் அவற்றின் அகலத்தை நீளத்தில் கழியுங்கள். வெளிப்பக்க நீரும் முகட்டுக்கு மேல் ஏறி, உட்பக்க உயரத்தின் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது.

டி.டி.எஸ். பேனா (நீரில் கரைந்த உப்பைக் காட்டும் கருவி) காலையில் 800, மத்தியானம் 950 காட்டுகிறது. அதே கிணற்றுத் தண்ணீர்தான்.

வாளி வெயிலில் இருந்ததா? மின்கடத்துதிறன் பாகைக்குச் சுமார் 2 சதவீதம் ஏறும். வெப்பத் திருத்தம் இல்லாத பேனாவில் இந்த வித்தியாசம் வரும். பேனா உப்பை நேராக அளப்பதும் இல்லை. கடத்துதிறனை அளந்து ஒரு எண்ணால் பெருக்குகிறது. அந்த எண் சில பேனாவில் 0.5, சிலவற்றில் 0.7. ஆகவே கடத்துதிறனையே எழுதி வையுங்கள். 1,413 மைக்ரோசீமன்ஸ் தரக் கரைசலில் மாதம் ஒருமுறை சரிபாருங்கள். புளோரைடும் நைட்ரேட்டும் பேனாவில் தனியாகத் தெரியாது, அதற்கு ஆய்வகம்தான் போக வேண்டும்.

மடை மூடியிருந்தும் தண்ணீர் குறைகிறது. வெயில் குடிக்கிறதா, கசிகிறதா?

மழையும் வரத்தும் இல்லாத பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். அளவுகோலில் நாளுக்கு 14 மி.மீ. இறங்குகிறது, ஆவியாதல் தொட்டியில் 8 மி.மீ. குறைகிறது என்று வைப்போம். தொட்டி சீக்கிரம் சூடாவதால் அதில் 0.7 பங்கையே ஏரிக்கு எடுக்க வேண்டும். அது 5.6 மி.மீ. மீதி 8.4 மி.மீ. கசிவு. 20 ஹெக்டேர் நீர்ப்பரப்பில் நாளுக்கு 1,680 கன மீட்டர். கீழ்க் கிணறுகளில் மட்டம் ஏறுகிறதா பாருங்கள். ஏறினால் அந்தக் கசிவு வீண் இல்லை. கிணற்றை மோட்டார் ஓடாத விடியற்காலையில் அளந்து, கைப்பிடிச் சுவரின் உயரத்தைக் கழித்து எழுதுங்கள். கரையின் வெளிச்சரிவில் கலங்கலாக நீர் ஊறினால் மட்டும் அன்றைக்கே பொறியாளரைக் கூப்பிடுங்கள், மண் அரித்துக்கொண்டு வருகிறது என்று பொருள்.

நீர்மட்டப் புத்தகத்தில் என்னென்ன எழுதணும்?

தேதி, நேரம், அளவுகோல் மட்டம், எத்தனை மடை எவ்வளவு திறந்திருக்கிறது, காலை 8.30 வரை பெய்த மழை, படித்தவர் கையெழுத்து. தவறான எண்ணை அழிக்காமல், படிக்கும்படி ஒரே கோடு போட்டு அடித்து, மேலே சரியானதை எழுதுங்கள்.