எல்லாம் பிறஷராலதானோ? வாசகர் கேள்வி

கேள்வி: டொக்டர், என்ர அக்காவுக்கு 32 கிழமையில பிறஷர் 160/110, சலத்தில புரதம், பிளேற்லெட் 18,000. உடன சிசேரியன் செய்தவை, பிள்ளை சுகம். ஆனா நாலு நாளாகியும் பிளேற்லெட் ஏறேல்லை, பிறகுதான் ரீ.ரீ.பீ (TTP, நுண்ணிய ரத்தக்குழாயள் அடைபடுற ரத்த வருத்தம்) எண்டு சொல்லி பிளாஸ்மா (ரத்தத்தின்ர நீர்ப்பகுதி) மாத்தினவை. முதலே கண்டுபிடிச்சிருக்க ஏலாதோ? இன்னொரு பிள்ளை பெறலாமோ? – வாசகி, கொக்குவில்

பதில்: தங்கச்சி, அக்கா தப்பி வந்ததே பெரிய ஆறுதல். ரீ.ரீ.பீயும், கர்ப்பத்தில கடும் பிறஷரோட வாற ஹெல்ப் (HELLP) எண்ட நிலையும் தொடக்கத்தில ஒரே மாதிரித்தான் இருக்கும், ஹெல்ப்பிலயும் பிளேற்லெட் இறங்கும், சிவப்பணு உடையும், அதால அடிக்கடி வாறதைத்தான் டொக்டர்மார் முதல் நினைப்பினம். அந்தப் பிறஷருக்கு பிள்ளையை எடுத்ததும் சரியான முடிவுதான்.

ஆனா 18,000 எண்டது யோசிக்க வைக்கிற எண். ஹெல்ப்பில ஈரல் ரெஸ்ற் நல்லா ஏறும், பிள்ளை பிறந்து ரெண்டு மூண்டு நாளில பெரும்பாலும் பிளேற்லெட் திரும்ப ஏறத் தொடங்கும். ரீ.ரீ.பீயில ஈரல் அவ்வளவு கெடாது, பிளேற்லெட் பெரும்பாலும் 30,000க்கும் கீழ போகும், சிலருக்குப் பேச்சுக் குழறும், ஆள் தடுமாறும், பிள்ளை பிறந்தாலும் வருத்தம் நிக்காது. அடாம்ஸ்-13 எண்ட நொதியம் குறைஞ்சா பிளேற்லெட்டுகள் ஒண்டோட ஒண்டு ஒட்டி நுண்ணிய ரத்தக்குழாயளை அடைக்கும், அதுக்குள்ளால நெரிபட்டுப் போற சிவப்பணு கிழியும், மைக்கிறஸ்கோப்பில பாத்தா உடைஞ்ச துண்டுகளாத் தெரியும். ரத்தத்தைக் கண்ணாடியில பூசிப் பாக்கிற அந்த ஸ்மியர் ரெஸ்ற்றை அண்டைக்கே செய்யலாம். நொதியம் 10 வீதத்துக்குக் கீழ எண்டா உறுதி, ஆனா றிப்போட் வரும்வரை காத்திருக்கக்கூடாது, ரத்தத்தை எடுத்து வைச்சிட்டு பிளாஸ்மா மாத்தத் தொடங்கவேணும். பிளேற்லெட் குறைவெண்டு சும்மா பிளேற்லெட் ஏத்திறதும் இதில நல்லதில்லை, உயிராபத்தான ரத்தப்போக்கு எண்டா மட்டும்தான். (டெங்குக்கெண்டு குடுக்கிற பப்பாசி இலைச்சாறும் வேண்டாம், அதால இது மாறாது.)

அடுத்த பிள்ளை பெறலாம், ஆனா கர்ப்பமாக முதலே ரத்த நோய் நிபுணரைக் கண்டு அடாம்ஸ்-13 பாக்கவேணும், கர்ப்ப காலத்திலயும் இடைக்கிடை பாக்கவேணும். பிறவியிலயே குறைவெண்டா ஒழுங்கா பிளாஸ்மா ஏத்த வேண்டிவரும். அக்கான்ர டயக்னோசிஸ் கார்டை பத்திரமா வைச்சு முதல் கிளினிக்கிலயே மிட்வைஃபிட்ட காட்டுங்கோ. தலையிடி, கண் மங்கல், காரணமில்லாமக் கண்டல், காலில சிவப்புப் புள்ளி எது வந்தாலும் அடுத்த கிளினிக் நாள்வரை பாத்துக்கொண்டிராம அண்டைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கோ.