பால்வாடி, காப்பகம், ஊராட்சி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் ஊராட்சியில் சுமார் 3,000 பேர் இருக்கிறோம். குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று பெண்கள் கேட்கிறார்கள். எத்தனை குழந்தைகளுக்கு என்று எப்படிக் கணக்குப் போடுவது? (ஊராட்சித் தலைவர், தருமபுரி மாவட்டம்)

2011 மக்கள்தொகைக் கணக்கை எடுக்காதீர்கள். அதில் ஆறு வயதுக்குள் எழுதப்பட்ட பிள்ளைகளில் பாதிப் பேர் பள்ளிப் படிப்பையே முடித்துவிட்டார்கள்.

முதலில் ஒரு தோராயம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு ஏறக்குறைய 13 குழந்தைகள் பிறக்கின்றன. 3,000 பேருக்கு 39. அப்படியானால் மூன்று வயதுக்குள் சுமார் 115 பேர், ஆறு வயதுக்குள் சுமார் 230 பேர் இருக்க வேண்டும். இதை அங்கன்வாடியின் குடும்பக் கணக்கெடுப்புப் பதிவேட்டோடும், கிராம சுகாதார செவிலியரிடம் இருக்கும் கர்ப்பிணிகள், தடுப்பூசிப் பதிவுகளோடும் வைத்துப் பாருங்கள். பதிவேட்டில் ஐம்பது, அறுபது குறைந்தால் ஊரின் கடைசித் தெருவோ காலனியோ விட்டுப்போயிருக்கும். இல்லையென்றால் இளம் குடும்பங்கள் பிழைப்புக்கு வெளியூர் போயிருக்கும். செங்கல் சூளை உள்ள ஊரில் நிலைமை தலைகீழ். தை தொடங்கி ஆனி வரை வெளியூர்க் குடும்பங்கள் சூளையிலேயே தங்கும். அந்தக் குழந்தைகள் பெரும்பாலும் எந்தப் பதிவேட்டிலும் இருக்க மாட்டார்கள். நேரில் போய்த்தான் எண்ண வேண்டும்.

115 பேருக்கும் காப்பகம் தேவைப்படாது. வீடு வீடாக நான்கு கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள். தாய் எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்குத் திரும்புகிறார்? வருடத்தில் எந்தெந்த மாதம்? இப்போது குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? காப்பகம் எவ்வளவு தூரத்துக்குள் இருக்க வேண்டும்? “காப்பகம் வந்தால் விடுவீர்களா?” என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லோரும் ஆமாம் என்பார்கள். திறந்த பிறகு எட்டுப் பேர்தான் வருவார்கள்.

மூன்றாவது கேள்விக்கு “அக்கா பார்த்துக்கறா” என்று பதில் வரும் வீடுகளைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த அக்காவுக்குப் பத்து, பன்னிரண்டு வயதுதான் இருக்கும். பள்ளிக்குப் போகாமல் தம்பியைச் சுமந்துகொண்டிருப்பாள். காப்பகத்தில் முதல் இடம் அந்த வீடுகளுக்கு.

கேள்வி: “அங்கன்வாடிதான் இருக்கிறதே, காப்பகம் எதற்கு?” என்று கூட்டத்தில் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது? (வார்டு உறுப்பினர், திருவண்ணாமலை மாவட்டம்)

தமிழ்நாட்டில் 54,439 அங்கன்வாடி மையங்கள் உண்டு. அங்கே பகலில் இருப்பவர்கள் இரண்டு வயது தாண்டிய பிள்ளைகள். கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குச் சத்துமாவு வந்துவிடுகிறது. ஆனால் அதைக் கரைத்து ஊட்ட, பகலில் அந்த வீட்டில் யாரும் இல்லை. இதைத்தான் கூட்டத்தில் சொல்ல வேண்டும்.

இந்த இடைவெளிக்காக ஒன்றிய அரசின் மகளிர் நலத் திட்டமான மிஷன் சக்தியில் 2022-லிருந்து ‘பால்னா’ என்ற திட்டம் இருக்கிறது. அங்கன்வாடியோடு இணைந்த காப்பகம். 6 மாதம் முதல் 6 வயது வரை 25 குழந்தைகள். ஒரு பணியாளர், ஒரு உதவியாளர். தினம் ஏழரை மணி நேரம், மாதம் 26 நாள். அந்த ஏழரை மணி எப்போது தொடங்குவது என்பதை உள்ளூர்த் தேவைக்கு ஏற்ப வைத்துக்கொள்ள இடம் உண்டு. இங்கேதான் பெரும்பாலான ஊர்கள் சறுக்குகின்றன. நடவுக்குப் போகும் பெண் ஆறரை மணிக்கு வரப்பில் நிற்க வேண்டும். அவருக்கு ஒன்பதரை மணிக்குத் திறக்கும் காப்பகம் பூட்டிய காப்பகம்தான். காலை ஏழு முதல் இரண்டரை வரை என்று வைத்தால் குழந்தைகள் வருவார்கள். மணி நேரத்தைத் தீர்மானத்திலேயே எழுதுங்கள். எழுதாவிட்டால் அலுவலக நேரம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கேள்வி: இதற்கு ஊராட்சிப் பணத்தை எடுக்கலாமா? “அது சமூகநலத் துறை வேலை” என்கிறார் செயலர். (துணைத் தலைவர், விழுப்புரம் மாவட்டம்)

அரசியலமைப்பின் 11-வது அட்டவணையில் ஊராட்சிகளுக்கு உரியவையாக 29 பொருள்கள் சொல்லப்பட்டுள்ளன. 25-வது, மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாடு. எனவே உங்களுக்கும் அது வேலைதான். எந்தப் பணத்தை எதற்கு எடுக்கலாம் என்பதில்தான் கவனம் வேண்டும்.

15-வது நிதிக்குழு 2021–26 காலத்துக்குக் கொடுத்த மானியத்தில் 60 சதவீதம் டைடு (குறிப்பிட்ட வேலைக்கு மட்டும் என்று கட்டிய பணம்), 40 சதவீதம் அன்டைடு (ஊரின் தேவைக்கு ஏற்ப எடுக்கும் பணம்). டைடு பணத்தில் பாதி துப்புரவுக்கு, பாதி குடிநீருக்கு. அங்கன்வாடியின் கழிப்பறை, கைகழுவும் தொட்டி, குடிநீர்க் குழாய், மழைநீர் சேகரிப்பு எல்லாம் இதற்குள் அடங்கும். தரை, சுற்றுச்சுவர், மின்விசிறி போன்றவற்றை அன்டைடில் எழுதலாம். அன்டைடு பணத்தில் சம்பளம் கொடுக்கக் கூடாது. ஆர்வத்தில் ஆயா சம்பளத்தையும் சேர்த்து எழுதிவிட்டால் தணிக்கையில் தடை விழும். பிறகு அடுத்த தலைவர் அந்தப் பக்கமே வர மாட்டார். ஆள் சம்பளத்துக்கு வழி, வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் மூலம் மாவட்டத் திட்ட அலுவலருக்குப் போகும் பால்னா கருத்துரு. நிதிக்குழு மாறும்போது இந்தச் சதவீதங்களும் மாறும். எஸ்டிமேட்டுக்கு முன் நடப்பு ஆண்டு உத்தரவை பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள்.

புதுக் கட்டடம் என்றால், 2022-ல் வந்த ஒன்றிய அரசின் சக்‌ஷம் அங்கன்வாடி வழிகாட்டுதல் ஒரு மையத்துக்கு 12 லட்சம் ரூபாய் வைத்தது. 8 லட்சம் ஊரக வேலை உறுதித் திட்டத்திலிருந்து, 2 லட்சம் நிதிக்குழு அல்லது வேறு அன்டைடு நிதியிலிருந்து, 2 லட்சம் ஒன்றிய அரசின் மகளிர், குழந்தைகள் துறையிலிருந்து. மூன்று கையிலிருந்து வரும் பணம் என்பதால் ஒன்று தாமதமானாலும் வேலை லிண்டல் மட்டத்தில் நின்றுவிடும். நிதிக்குழுப் பணமான 2 லட்சத்தை ஊராட்சித் திட்டத்தில் முன்கூட்டியே ஏற்றி வைத்தால் உங்கள் பக்கத்துத் தடை நீங்கும்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை கிராம சபைத் தீர்மானம். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு கூட்டங்கள். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 100 பேர் வர வேண்டும். 3,000-ஐத் தாண்டினால் 200. அடுத்த ஆண்டுத் திட்டம் அக்டோபர் 2-ஐ ஒட்டித் தயாராகிறது. அதில் ஏறாத வேலை ஒரு வருடம் தள்ளிப்போகும். தீர்மானத்தில் “அங்கன்வாடி மேம்பாடு” என்று ஒரு வரி எழுதினால் சுவரில் கார்ட்டூன் வரைந்து பில் போட்டுவிடலாம். இடத்தின் சர்வே எண், குழந்தைகளின் எண்ணிக்கை, திறக்கும் நேரம், செய்ய வேண்டிய வேலைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

கேள்வி: கட்டடம் வரப்போகிறது. ஓவர்சியரிடம் எதையெல்லாம் கேட்டு வாங்க வேண்டும்? (மகளிர் குழுத் தலைவி, புதுக்கோட்டை மாவட்டம்)

அங்கன்வாடிக்குக் குறைந்தது 600 சதுர அடி: கூடம், தனிச் சமையலறை, பொருள் அறை, கழிப்பறை. இதில் காப்பகமும் சேர்ந்தால், ஒரு குழந்தைக்கு 10 முதல் 12 சதுர அடி என்று 25 பேருக்கு 250–300 சதுர அடி வெறும் தரை தேவை. அலமாரி, தொட்டில், பீரோ நிற்கும் இடம் இதில் சேராது.

கழிப்பறையில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். பெரியவர்களுக்கான கோப்பையைப் பதித்துவிட்டால் மூன்று வயதுப் பிள்ளை உள்ளே விழுந்துவிடுவோம் என்று பயந்து வெளியே ஓடும். இரண்டு மாதத்தில் அந்த அறையில் விறகு அடுக்கப்படும். சிறு கோப்பை கேளுங்கள். உள்தாழ்ப்பாள் வேண்டாம். கைகழுவும் குழாய் தரையிலிருந்து 45–50 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும்; அதற்கு மேல் போனால் பணியாளர் ஒவ்வொரு பிள்ளையையும் தூக்கிக் கழுவ வேண்டும், நாலாவது நாள் கழுவ மாட்டார்.

சாய்தளம் 1-க்கு 12 என்ற சரிவில் வேண்டும். வாசல் மட்டம் 45 செ.மீ. உயர்ந்தால் சாய்தளத்தின் நீளம் 5.4 மீட்டர். இரண்டு மீட்டரில் முடித்தால் சக்கர நாற்காலி ஏறாது, மழையில் குழந்தை வழுக்கும். வழவழப்பான டைல்ஸும் கூடாது; தண்ணீர் சிந்தாத நாளே அங்கே கிடையாது.

சமையலறை வாசலில் இடுப்பளவுக் கதவு, சிலிண்டர் வெளியே. ஸ்விட்ச் 1.5 மீட்டர் உயரத்தில். தரைத் தொட்டிக்குப் பூட்டுப் போட்ட மூடி. தண்ணீர் நிரப்பிய வாளியைக் கூடத்திலோ குளியலறையிலோ வைத்திருக்கக் கூடாது. தவழும் குழந்தை தலைகுப்புற விழுந்தால் சில அங்குலத் தண்ணீரே போதும், சத்தமும் வராது. நிழலுக்காகக் கீற்றுப் பந்தல் போடுவதை ஒருபோதும் ஒத்துக்கொள்ளாதீர்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைக் கொன்ற தீ, சமையல் இடத்திலிருந்து கீற்றுக் கூரைக்குத் தாவியதுதான்.

கேள்வி: 25 குழந்தைகளுக்கு இரண்டு பேர் போதுமா?

வயதைப் பொறுத்தது. மகப்பேறு நலச் சட்டத்தின் கீழ் வரும் காப்பகங்களுக்கு ஒன்றிய அரசு 2018-ல் கொடுத்த வழிகாட்டுதலில் மூன்று வயதுக்குட்பட்ட 10 பேருக்கு ஒருவர், மேற்பட்ட 20 பேருக்கு ஒருவர், கூட ஓர் உதவியாளர் என்று இருக்கிறது. அந்த அளவில் பார்த்தால், 25 பேரில் 15 பேர் கைக்குழந்தைகளாக இருந்தால் இரண்டு பேர் போதாது. கைக்குழந்தைகளைப் பத்தோடு நிறுத்துங்கள், அல்லது மூன்றாவது ஆள் கேளுங்கள்.

காகிதத்தில் இருவர் இருந்தாலும் ஒருவர் அடுப்படியில் நின்றால் கூடத்தில் ஒருவர்தான். அதனால் சமையல் அங்கன்வாடி அடுப்பிலேயே நடக்கட்டும். ஒருவர் விடுப்பு எடுத்தால் காப்பகத்தைப் பூட்டுவது அடுத்த பெரிய குறை. தாய்க்கு அன்றைய கூலி போய்விடும். இரண்டு முறை அப்படி நடந்தால் குழந்தையை அனுப்பவே மாட்டார். மகளிர் குழுவிலிருந்து இரண்டு பேருக்கு முன்பே பயிற்சி கொடுத்து மாற்று ஆளாக வைத்திருங்கள்.

நீங்கள் பார்வையிடப் போகும்போது பதிவேட்டைக் கேட்பதற்கு முன் அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள். துணி மாற்றிய கையைச் சோப்பால் கழுவிவிட்டுத்தான் ஊட்டுகிறாரா? அழுகிற குழந்தையை எவ்வளவு நேரத்தில் தூக்குகிறார்? பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா? தரம் என்பது அந்த அரை மணியில் தெரிந்துவிடும்.

கேள்வி: எங்கள் பகுதியில் சிறு பனியன் கம்பெனிகள். ஒவ்வொன்றிலும் இருபது, முப்பது பேர். யார் காப்பகம் நடத்துவது? (மாமன்ற உறுப்பினர், திருப்பூர்)

50 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனம் காப்பக வசதி தர வேண்டும். தாய் ஒரு நாளில் நான்கு முறை குழந்தையைப் போய்ப் பார்க்கலாம். மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்தில் வந்த இது, 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. அந்தத் தொகுப்பு, உள்ளாட்சி நடத்தும் பொதுக் காப்பகத்தைப் பயன்படுத்திக்கொள்ளவும் வழி விடுகிறது. உங்கள் சிறு கம்பெனிகளைச் சட்டம் கட்டாயப்படுத்தாது. ஆனால் மாநகராட்சி ஒரு தரைத்தள இடம் கொடுத்து, 50-ஐத் தாண்டிய கம்பெனிகள் இத்தனை குழந்தை இடம் என்று முன்பணம் கட்டினால், சிறு கம்பெனிப் பெண்களுக்கும் மிச்ச இடங்களைத் தரலாம். முன்பணம் கட்டும் கம்பெனி அதைச் சமூகப் பொறுப்பு நிதிக் கணக்கில் காட்ட முடியாது. சட்டக் கடமையை நிறைவேற்றும் செலவு அதில் சேராது. பேச்சுவார்த்தையின் முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள்.

ஒன்றரை ஷிப்டு முடிந்து எட்டரைக்குத் திரும்பும் பெண்ணுக்கு ஐந்து மணியோடு மூடும் காப்பகம் உதவாது. அதற்காக ஒரே ஆயாவைப் பன்னிரண்டு மணி நேரம் நிறுத்தவும் கூடாது. பணியாளர்களை இரண்டு ஷிப்டாகப் பிரித்துவிடுங்கள். ஒரு குழந்தை தொடர்ந்து பத்து மணி நேரத்துக்கு மேல் அங்கே இருப்பது நல்லதல்ல. மாலையில் அழைத்துப்போக யார் யாருக்கு அனுமதி என்ற பட்டியல் புகைப்படத்தோடு வாசலில் பணியாளர் கையில் இருக்க வேண்டும்.

கேள்வி: எடை சரியாகத்தான் எழுதுகிறார்களா என்று ஊராட்சி எப்படிக் கண்டுபிடிப்பது?

பதிவேட்டில் ஒரு பக்கத்தை மட்டும் பாருங்கள். எல்லா எடையும் 9.0, 9.5, 10.0 என்று பூஜ்யத்திலும் ஐந்திலும் முடிந்தால் கண்ணால் எழுதியது. ஒரே குழந்தைக்கு மாதா மாதம் சரியாக 200 கிராம் ஏறினாலும் அப்படித்தான்.

அளக்கும்போது எடைக் கருவி பூஜ்யத்தில் நிற்கிறதா, குழந்தை மேல் அரைஞாண் தாயத்து தவிர கனமான துணி இருக்கிறதா என்று கவனியுங்கள். இரண்டு வயதுக்குள் படுக்க வைத்து நீளம், பிறகு நிற்க வைத்து உயரம். படுக்க வைத்து அளந்தால் 0.7 செ.மீ. கூடுதலாக வரும் என்பதால் இரண்டையும் கலக்கக் கூடாது. முழங்காலை அழுத்திப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும்; தனியாக அளந்த நீளம் பெரும்பாலும் தப்பு. 6 முதல் 59 மாதம் வரை உள்ள குழந்தையின் இடது மேல்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.-க்குக் கீழ் போனால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். பாதம் வீங்கியிருந்தால் அளவைப் பார்த்துக்கொண்டிருக்காமல் அனுப்புங்கள்.

கேள்வி: எங்கள் புது நகரில் அங்கன்வாடியே இல்லை. பக்கத்து ஊருக்கு ரயில் பாதையைத் தாண்ட வேண்டும்.

ஆறு வயதுக்குள் குறைந்தது 40 குழந்தைகள் இருந்து மையம் இல்லாத குடியிருப்புக்கு, கேட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அங்கன்வாடி தர வேண்டும் என்று 2006 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. குழந்தையின் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் கையெழுத்து மூன்றும் உள்ள பட்டியலைத் தயாரித்து, கிராம சபைத் தீர்மானத்தோடு குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் கொடுத்துத் தேதி போட்ட ரசீது வாங்குங்கள். மூன்று மாதம் அந்தத் தேதியிலிருந்துதான் எண்ணப்படும். எண்ணிக்கை 38-ல் நின்றால் ஏழாம் மாதத்துக்கு மேல் இருக்கும் கர்ப்பிணிகளின் பட்டியலையும் இணைத்து, மினி மையத்துக்கும் சேர்த்துக் கேளுங்கள். 150 முதல் 400 பேர் வரை உள்ள குடியிருப்புக்கு அது உண்டு.