பைபர் படகு பெயின்ட் உரிவது பற்றி

வணக்கம் நண்பரே. 24 அடி பைபர் படகு, தினமும் கரையில் இழுத்து ஏற்றுவது, போன வருஷம் அடித்த எனாமல் அஞ்சே மாசத்தில் தகடு தகடாக உரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். குற்றம் பெயின்ட் மேல் மட்டும் இல்லை, அடியில் பிடிப்பே இல்லை என்றுதான் தோன்றுகிறது.

பழையதைச் சுரண்டி எடுத்ததும் முதலில் தின்னர் துணியால் துடையுங்கள், அப்புறம்தான் உப்புத்தாள். மாற்றிச் செய்தால் மேலே இருக்கும் மெழுகும் எண்ணெயும் கீறலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். 120-ஆம் நம்பர் தாளில் பளபளப்பு போகத் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டால் இன்னும் பிசுக்கு இருக்கிறது. பாய்போலப் பரவி ஓடினால் சரி.

நன்றாகக் காய்ந்ததும் எபாக்சி பிரைமர் (பிடிப்புக்காக அடியில் அடிக்கும் பூச்சு), அதன் மேல் இரண்டு டப்பா கலக்கும் பியு (பாலியூரித்தேன்) பெயின்ட். எபாக்சியை அப்படியே விடாதீர்கள், வெயிலில் மாவாகிவிடும். ஹார்ட்னர், அதாவது பெயின்டை இறுக வைக்கக் கலப்பது, அதன் அளவு டப்பாவில் போட்டபடிதான், கண்மதிப்பு வேண்டாம். பியு புகை நெஞ்சுக்கு ஆகாது, ஸ்ப்ரே பக்கமே போகாமல் ரோலரில் அடியுங்கள்.

கடைக்காரர் சொன்ன பாசி பிடிக்காத பெயின்ட் உங்களுக்குத் தண்டச்செலவு. அது தண்ணீரிலேயே கிடக்கும் படகுக்கு. உங்களுடையதை மணலே தேய்த்துவிடும். காசு மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் உள்பக்கத்துக்கு எனாமல் போதும், பியு வெளியில் மட்டும்.