தென்னந்தோப்பில் கீழாநெல்லி பயிரிடலாமா?

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. மழை பெய்தால் கீழாநெல்லி தானாகவே முளைத்துவிடும். அதைப் பறித்துக் காயவைத்து மூலிகை வியாபாரியிடம் கொண்டுபோனேன். கலப்படம் என்று திருப்பிவிட்டார். நான் எதையும் கலக்கவில்லை. இதைத் தனிப் பயிராகச் செய்யலாமா? கல்லீரலைக் காக்கும் என்பது உண்மைதானா?

பதில்: கலப்பு உங்கள் தோப்பிலேயே நடந்திருக்கும். கீழாநெல்லியின் தண்டு பச்சையாக இருக்கும். கிளையைத் திருப்பிப் பார்த்தால் கடுகளவு காய்கள் சிறு காம்பில் தொங்கும், தொட்டால் வழவழப்பாக இருக்கும். அதன் பக்கத்திலேயே சிவப்புக் கீழாநெல்லியும் முளைக்கும். அதன் தண்டில் செம்மை ஓடியிருக்கும். காய் காம்பில்லாமல் ஒட்டிக்கொண்டு சொரசொரவென்று இருக்கும். மேலாநெல்லியும் கூடவே வரும். காய்ந்து நொறுங்கிய பிறகு இவற்றைப் பிரிக்கவே முடியாது. பறிக்கும்போதே பிரிக்க வேண்டும்.

இது வியாபாரியின் வீண் பிடிவாதம் அல்ல. 1988இல் லான்செட் மருத்துவ இதழில் சென்னை மருத்துவர்களின் ஆய்வு ஒன்று வெளிவந்தது. ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்த 37 பேருக்குக் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில் 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிற நாடுகளில் செய்த பல சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. செடியின் இனமும் விளைந்த இடமும் பறித்த பருவமும் வேறுபட்டது காரணமாக இருக்கலாம் என்ற பேச்சு அப்போதே எழுந்தது. நஞ்சூட்டிய எலிக் கல்லீரல் செல்களை இதிலுள்ள பைலாந்தின், ஹைப்போபைலாந்தின் ஆகிய பொருள்கள் காத்ததை ஆய்வகங்கள் காட்டியுள்ளன. நம்பிக்கைக்கு இடம் உண்டு. மஞ்சள் காமாலையைத் தீர்த்துவிடும் என்று சொல்லி விற்க இடமில்லை. வீட்டில் யாருக்காவது கண் மஞ்சளானால் முதலில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

தனிப் பயிராகத் தாராளமாகச் செய்யலாம். தென்னையின் இளநிழல் இதற்கு ஒத்துவரும். ஏக்கருக்கு 400 கிராம் விதை போதும். தூசி போன்ற விதை என்பதால் மணலோடு கலந்து நாற்றங்காலில் மேலாகத் தூவி, பூவாளியால் நீர் தெளியுங்கள். நாற்று 10 முதல் 15 செ.மீ. வளர்ந்ததும் 15க்கு 10 செ.மீ. இடைவெளியில் நடலாம். தொழு உரமே போதும். களைக்கொல்லி மட்டும் வேண்டாம், தென்னைக்கு அடிப்பதும் இதன் மேல் படக்கூடாது. மருந்தாக உள்ளே போகிற சரக்கு இது. நட்ட முதல் மாதம் கைக்களை எடுத்தால், சிவப்பு இனத்தையும் அப்போதே பிடுங்கிவிடலாம்.

மூன்று மாதத்தில், செடி பசுமையாக இருக்கும்போதே அறுவடை செய்யுங்கள். பைலாந்தின் இலையில்தான் மிகுதி, தண்டில் சொற்பம். மஞ்சளாகி இலை கொட்டும்வரை விட்டால் உங்கள் கையில் மிஞ்சுவது குச்சிதான். வேரில் மண் இல்லாமல் அலசி, நீரை வடித்து, நிழலில் தார்ப்பாய் மேல் மெல்லியதாகப் பரப்பி, நாளுக்கு இரண்டு மூன்று முறை புரட்டுங்கள். வெறுந்தரையில் போட்டால் உதிரும் இலையெல்லாம் மண்ணோடு போய்விடும்.

உலர்த்துவதில்தான் எனக்குக் கவலை அதிகம். ஈரம் தங்கிய சரக்கில் பூஞ்சணம் பிடிக்கும். சில பூஞ்சணங்கள் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் கல்லீரலையே தாக்கும் நஞ்சு. கல்லீரல் நோயாளிக்குப் போகும் பொட்டலத்தில் அது இருந்தால் எவ்வளவு பெரிய கேடு என்று எண்ணிப் பாருங்கள். தண்டை ஒடித்தால் சட்டென்று முறிய வேண்டும். வளைந்தால் மூட்டை கட்டாதீர்கள்.

நல்ல பராமரிப்பில் ஏக்கருக்குச் சுமார் 700 கிலோ காய்ந்த சரக்கு எதிர்பார்க்கலாம். தென்னைக்கு இடையே நடும் பரப்பு குறைவதால் அதுவும் குறையும். எனவே முதலில் பத்து சென்டில் மட்டும் செய்து, அந்தச் சரக்கின் மாதிரியோடு அதே வியாபாரியையும், டாம்ப்கால், இம்ப்காப்ஸ் போன்ற மருந்து நிறுவனங்களையும் அணுகுங்கள். முழுச் செடியாக வேண்டுமா, இலை மட்டுமா என்று கேட்டு, விலையை எழுத்தில் வாங்கிய பிறகு பரப்பைக் கூட்டுங்கள். விதைக்குச் சில செடிகளைத் தனியே விடுங்கள். காய் முற்றினால் வெடித்துச் சிதறிவிடும். பழுப்பேறத் தொடங்கியதும் செடியோடு பிடுங்கித் துணிப்பையில் போட்டுக் கட்டித் தொங்கவிடுங்கள்.